இங்கிலீஷ் வார்த்தை நோட்டு: அர்த்தம் எழுதறதுக்கு முன்னாடி சத்தத்தை எழுதுங்க

நிறைய பேர்கிட்ட ஒரு நோட்டு இருக்கும், இடது பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, நடுவுல தமிழ்ல உச்சரிப்பு, வலது பக்கம் அர்த்தம், இப்படியே ஐநூறு ஆயிரம்னு எழுதி வெச்சிருப்பாங்க, ஆனா ஒரு கஸ்டமர் கால் வந்தா அந்த ஆயிரத்துல ஒண்ணு கூட வாய்க்கு வராது, எதிர்ல பேசறவர் சொல்றதும் பாதி காதுல ஏறாது. நோட்டு போடறதுல தப்பே இல்ல, போடற வரிசை தான் தலைகீழா இருக்கு. முதல்ல சத்தம், அப்புறம் அந்த வார்த்தை எந்த வாக்கியத்துல வருதோ அந்த வாக்கியம், கடைசியா தான் அர்த்தம். எப்படின்னு சொல்றேன்.

தமிழ் படிச்ச நமக்கு ஒரு பழக்கம், எழுத்தைப் பார்த்தா வாசிச்சிடலாம்னு ஒரு நம்பிக்கை. இங்கிலீஷ்ல அந்த நம்பிக்கையை கழட்டி வெச்சிடணும். 1476-ல வில்லியம் காக்ஸ்டன் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர்ல அச்சுக்கூடம் போட்டார், அதுக்கப்புறம் ஸ்பெல்லிங் கொஞ்சம் கொஞ்சமா உறைஞ்சு போச்சு, ஆனா அதே சமயத்துல ஜனங்க பேசற உயிரெழுத்து எல்லாம் இடம் மாறிக்கிட்டே இருந்துச்சு, அதனால இன்னைக்கு நாம எழுதறது அந்தக் காலத்து உச்சரிப்பு, பேசறது இந்தக் காலத்து உச்சரிப்பு. இது பத்தாதுன்னு பதினாறாம் நூற்றாண்டு பண்டிதர்கள் வேற லத்தீன் மூலத்தைக் காட்டறேன்னு பேசாத எழுத்தை உள்ள சொருகினாங்க. கடன்னு அர்த்தம் வர்ற டெட்-ல பி எழுத்து அப்படி வந்தது தான், அது ஒருநாளும் வாய்ல வந்ததில்ல. தீவுன்னு அர்த்தம் வர்ற ஐலண்ட்-ல இருக்கற எஸ் கூட அதே கதை தான்.

அதனால முதல் வேலை இது. மொபைல்ல கேம்பிரிட்ஜ் ஆன்லைன் டிக்‌ஷனரியோ ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸோ திறந்துக்கோங்க, ரெண்டும் ஃப்ரீ, ரெண்டுலயும் பிரிட்டிஷ் உச்சரிப்புக்கு ஒரு ஸ்பீக்கர் பட்டன் அமெரிக்கனுக்கு ஒரு பட்டன் இருக்கும். பட்டனை அமுக்கிட்டு ஸ்க்ரீனை பார்க்காதீங்க. காதுல விழுந்ததை தமிழ்ல எழுதுங்க, எழுதி முடிச்சப்புறம் ஸ்பெல்லிங்கை பாருங்க. இந்த வரிசையை மாத்தினீங்கன்னா கண்ணு பார்த்ததை தான் காது கேட்கும், ஸ்பெல்லிங்ல எல் இருக்கேன்னு சால்மன்னு எழுதிடுவீங்க, அந்த மீனுக்கு பேரு சாமன். பாதாமும் அப்படித்தான், ஆமண்ட், எல் வாயைத் திறக்காது. அடமானக் கடனுக்கு மார்கிஜ், நடுவுல டி கிடையாது. பைப் ரிப்பேர் பண்றவர் ப்ளமர், ப்ளம்பர் இல்ல. பாத்திர அலமாரி கபர்ட், கப்பும் இல்ல போர்டும் இல்ல. சமையல் குறிப்பு ரெசிப்பி, மூணு அசை, ரெசைப்னு ஒண்ணு கிடையாது. லேசா தெரியுற நுணுக்கமான வித்தியாசத்துக்கு சட்டில், பி எழுத்து சும்மா உட்கார்ந்திருக்கு. பெரிய ஹோட்டல்ல ஹாலோட சேர்ந்த ரூமுக்கு ஸ்வீட், ஆமா மிட்டாய் ஸ்வீட்டும் அதுவும் ஒரே சத்தம் தான், நாம சூட் ரூம்னு சொல்றது கோட்டு சூட்டு. புதைக்கிறதுக்கு பெரி, பழத்துக்கும் பெரி. திட்டம் கோணலா போச்சுன்னா அரை, அழுத்தம் ரெண்டாவது அசையில, நம்ம ஒண்ணு ரெண்டு அரை மாதிரியே தான் இருக்கும் ஆனா ஸ்பெல்லிங்கை பார்த்தா ஆவ்ரின்னு வாசிக்கத் தோணும்.

காதால வாங்கினது எவ்வளவு சரியா இருக்கும்கறதுக்கு நம்ம ஊர்லயே சாட்சி இருக்கு. ராணுவப் பதவி ஒண்ணை பேப்பர்ல கர்னல்னு தான் போடறாங்க, இங்கிலீஷ்ல அது கோலோனல் மாதிரி எழுதினாலும் உச்சரிப்பு கர்னல் தான். லெப்டினன்ட்டும் பிரிட்டிஷ்காரன் சொல்றபடியே வந்திருக்கு, அமெரிக்கன் லூடெனன்ட்னு சொல்லுவான். துணி தேய்க்கிற கடைல அயன்னு சொல்றாங்களே, அது அச்சு அசல் பிரிட்டிஷ் உச்சரிப்பு, ஸ்கூல்ல படிச்சுட்டு ஐரன்னு திருத்தறவங்க தான் தப்பா சொல்றாங்க.

சரி, காதால கேட்டாச்சு, தமிழ்ல எழுதணும், இங்க தான் அடுத்த சிக்கல். பேக்-னு எழுதிப் பாருங்க. அது முதுகா, பையா, பொட்டலம் கட்டறதா, ஓவன்ல வேகவைக்கிறதா? நாலும் நம்ம எழுத்துல பேக் தான், இங்கிலீஷ்ல நாலும் வேற வேற. தமிழ்ல ஒரே ப தான் ரெண்டு சத்தத்துக்கும், க ட த எல்லாமே அப்படித்தான், இடத்தைப் பொறுத்து நாமளே மாத்தி வாசிச்சுப்போம், ஆனா இங்கிலீஷ் வார்த்தைக்கு அந்த இட விதி செல்லாது. அதனால நோட்டுல உங்களுக்குன்னு சில குறி வெச்சுக்கோங்க. நான் சொல்றது என்னன்னா, தொண்டைல கை வெச்சா அதிர்ற சத்தம் எல்லாத்துக்கும் எழுத்துக்கு கீழ ஒரு கோடு. பங்குனில வர்ற ப-க்கு கோடு வேணாம், அம்பு-ல வர்ற ப-க்கு கோடு. இதே கோடு ஸ-க்கும் போடலாம், ஸூ-ன்னு மிருகக்காட்சி சாலைக்கு சொல்றப்ப தேனீ மாதிரி ஒரு அதிர்வு வருதே அது கோடு போட்ட ஸ, ஸூப் குடிக்கிறப்ப வர்றது கோடு போடாத ஸ. பை பொட்டலம் முதுகு மூணுலயும் வர்ற உயிர் நம்ம ஏ கிடையாது, ஏ சொல்ற மாதிரி வாயை வெச்சுட்டு தாடையை இன்னும் கீழ இறக்கினா வர்ற சத்தம், அதுக்கு மேல ஒரு புள்ளி வைங்க. வேகவைக்கிற பேக்-க்கு புள்ளி வேணாம், அது ஏ-ல ஆரம்பிச்சு இ-ல முடியும். இப்ப நாலும் தனித்தனியா தெரியும்.

வார்த்தை ஆரம்பத்துல வர்ற கோடு போடாத ப ட க மூணுக்கும் இன்னொரு சங்கதி இருக்கு. ஒரு துண்டு பேப்பரை வாய் முன்னாடி பிடிச்சுக்கிட்டு குண்டூசிக்கு சொல்ற பின் சொல்லுங்க, பேப்பர் ஆடணும். நம்ம ப-ல காத்து வராது, அதனால நாம பின்னு சொன்னா அவங்க காதுல குப்பைத்தொட்டிக்கு சொல்ற, கோடு போட்ட ப-ல ஆரம்பிக்கிற பின் தான் விழும். போன்ல ஸ்பெல்லிங் சொல்றப்ப பி ஃபார் பாம்பே பி ஃபார் பீட்டர்னு மல்லாடறோமே, காரணம் இது தான். ஸ்பின்-ல மட்டும் காத்து வேணாம், எஸ்-க்கு அப்புறம் வர்றதுக்கு பேப்பர் ஆடாது.

வ-வும் இதே மாதிரி ரெண்டா பிரியும். கால்நடை டாக்டருக்கு வெட், மேல் பல்லு கீழ் உதட்டை தொடணும். ஈரத்துக்கு வெட், பல்லு எதையும் தொடக்கூடாது, ஊ சொல்ற மாதிரி உதட்டை குவிச்சுட்டு அங்கேருந்து எ-க்கு போங்க, ஊஎட். குவிச்ச வ-வுக்கு தலைல ஒரு வட்டம் போட்டுக்கோங்க போதும்.

இதுக்கெல்லாம் மேல முக்கியமானது அழுத்தம். இதை யாரும் நோட்டுல எழுத மாட்டாங்க, ஆனா ஒரு எழுத்து தப்பா சொன்னா கூட அவங்களுக்கு புரிஞ்சிடும், அழுத்தம் இடம் மாறினா புரியாது. நாம எல்லா அசைக்கும் சமமா மரியாதை குடுத்து சொல்லுவோம், அவங்க ஒரே ஒரு அசையை நிமிர்த்திட்டு மத்ததை எல்லாம் முழுங்கிடுவாங்க. காய்கறிக்கு வெஜிடேபிள்னு நாம சொல்றோம், அவங்க வெஜ்-ட-பிள், முதல் அசை மட்டும் நிமிர்ந்து நிக்கும். வசதியா இருக்குன்னு சொல்ல கம்ஃப்-ட-பிள், இதுலயும் மேஜை கிடையாது. வளர்ச்சி வினைக்கு டி-வெ-லப், நடு அசை. ஹோட்டலுக்கு ஹோ-டெல், கடைசி அசை. போட்டோவுக்கு ஃபோ-ட-க்ராஃப், முதல் அசை, எடுக்கிறவருக்கு ஃப-டாக்-ர-ஃபர், ரெண்டாவது அசை, பாருங்க அழுத்தம் நகர்ந்த உடனே முன்னாடி நிமிர்ந்து நின்ன ஃபோ சுருங்கி ஃப ஆயிடுச்சு. முழுங்கின அசைல எல்லாம் வர்ற அந்த சோம்பேறி அ தான் இங்கிலீஷ்லயே அதிகமா வர்ற உயிர், அதுக்குன்னு தனி எழுத்தே அவங்ககிட்ட இல்ல, ஏ ஈ ஐ ஓ யூ அஞ்சுமே அந்த வேலையைப் பார்க்கும்.

ஒரு விதி மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா நூத்துக்கணக்கான வார்த்தை தானா சரியாகும். ஷன்-னு முடியறது, இக்-னு முடியறது, இட்டி-ன்னு முடியறது, இதுல எல்லாம் அந்த வாலுக்கு முந்தின அசைல தான் அழுத்தம். எஜு-கே-ஷன்ல கே, எக-னாம்-இக்ல னாம், எலக்-ட்ரி-சிட்டில ட்ரி, யூனி-வர்-சிட்டில வர். இக்-ல சிலது ஏமாத்தும், அரசியலுக்கு பா-லிடிக்ஸ்னு முதல் அசைலயே வரும், பரவால்ல. ரெண்டு அசை வார்த்தை பலது பெயரா இருந்தா முன்னாடி அழுத்தம், வினையா இருந்தா பின்னாடி. பரிசுக்கு ப்ரெ-ஸன்ட், மீட்டிங்ல எடுத்து வைக்கிறதுக்கு ப்ரி-ஸென்ட். ரெ-கார்ட் பதிவேடு, ரி-கார்ட் பதிவு பண்றது. நோட்டுல அழுத்தம் வர்ற அசையை மட்டும் பெருசா எழுதுங்க, வேற குறியே வேணாம்.

இப்ப வார்த்தையோட ரெண்டு முனை. தமிழ் சொல் எதுவும் க் ச் ட் த் ப் ற்-ல முடியாது, அதான் நாம லைட்டு, பஸ்ஸு, பேங்க்குன்னு பின்னாடி ஒரு உகரம் ஒட்டிடறோம், தொல்காப்பியர் காலத்துலேருந்து வாய் அப்படி பழகி இருக்கு. அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல, தமிழ்ல பேசறப்ப லைட்டு தான் சரி. இங்கிலீஷ் பேசறப்ப மட்டும் கடைசி மெய்ல நாக்கை வெச்சு அப்படியே நிறுத்திடுங்க. முன்னாடி முனைல எ-ன்னு ஆரம்பிச்சா யெ-ன்னும் ஒ-ன்னு ஆரம்பிச்சா வொ-ன்னும் வரும், எங்க-ங்கறதை யெங்கன்னு சொல்ற வாய் தானே. இதனால காதுக்கு சொல்ற இயரும் வருஷத்துக்கு சொல்ற யியரும் ஒண்ணாயிடும், ஓட்ஸ் கஞ்சி குடிச்சேன்னு சொன்னா எலக்‌ஷன்ல போட்ட வோட்ஸ் மாதிரி கேட்கும். எம் எல் என் எழுத்துப் பேரை எல்லாம் கண்ணாடி முன்னாடி சொல்லிப் பாருங்க, நாக்கு மேல எழும்பாம ஆரம்பிக்கணும்.

இறந்தகாலத்துக்கு கடைசில ஈடி சேர்ப்பாங்கல்ல, அதை எட்-னு வாசிக்கிறது நம்ம ஸ்கூல்ல ஒட்டிக்கிட்ட வியாதி. கோடு போடாத சத்தத்துக்கு அப்புறம் வெறும் ட், வொர்க்ட், வாஷ்ட், ஆஸ்க்ட், எல்லாம் ஒரே அசை. அதிர்ற சத்தத்துக்கு அப்புறம் கோடு போட்ட ட், கால்ட், ப்ளேய்ட். ஏற்கனவே ட்-ல முடிஞ்சா மட்டும் தான் இட்னு தனி அசை, வான்டிட், நீடிட். பன்மை எஸ்-க்கும் இதே கணக்கு, கேட்ஸ்-ல சும்மா ஸ், டாக்ஸ்-ல கோடு போட்ட ஸ், பஸ்ஸிஸ் மாதிரி ஸ ஷ ச ஜ-வுக்கு அப்புறம் வந்தா இஸ்.

அடுத்தது ஒட்டிப் பேசறது. இங்கிலீஷ்காரன் வேகமா பேசறான்னு நாம சொல்றோம், அவன் வேகமா பேசல, வார்த்தைகளை சேர்த்துப் பேசறான், அது நமக்கு புதுசே இல்ல. உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பேன்னு நன்னூல்ல மனப்பாடம் பண்ணோமே, அதே தான். பிக் இட் அப் மூணு வார்த்தை, வாய்ல பிக்கிட்டப். நாட் அட் ஆல், நாட்டட்டால். உயிரும் உயிரும் சந்திச்சா நமக்கு ய-வும் வ-வும் உடம்படுமெய்யா வர்ற மாதிரி அவங்களுக்கும் வரும், சீ இட் சீயிட் ஆகும், கோ அவுட் கோவவுட் ஆகும். தமிழ் இலக்கணம் ஒழுங்கா படிச்சவங்களுக்கு இந்த இடம் அல்வா. நோட்டுல வார்த்தையை தனியா எழுதாம சேர்த்தே எழுதினீங்கன்னா கேட்கறப்பவும் சட்டுனு புடிபடும்.

அதான் வார்த்தையை விட சொற்றொடரா எழுதறது நல்லதுன்னு சொல்றேன். ரன்-னா ஓடறதுன்னு எழுதி வெச்சா வீட்டுல பால் தீர்ந்துடுச்சுன்னு சொல்ல அது உதவாது. வீவ் ரன்னவுட்டவ் மில்க், இதை முழுசா எழுதுங்க, பால் தீர்ந்துபோச்சு. இதுல வர்ற அவ் கவனிச்சீங்களா, ஓ எஃப்னு எழுதற அந்த குட்டி வார்த்தைக்கு முடிவு வ் தான், எஃப் ரெண்டு போட்டு எழுதறது தான் ஆஃப். ஃபேனை அணைக்கிறது ஆஃப், ஒரு கப்பவ் டீ-ல வர்றது அவ். நம்மள்ல முக்கால்வாசி பேரு ரெண்டையும் ஆஃப்னு தான் சொல்றோம்.

மீட்டிங்கை கால் ஆஃப் பண்ணிட்டாங்கன்னா ரத்து, இனி கிடையாது, புட் ஆஃப் பண்ணிட்டாங்கன்னா தள்ளி வெச்சிருக்காங்க, இன்னொரு நாள் நடக்கும், ரெண்டையும் மாத்திப் புரிஞ்சுக்கிட்டா லீவு போட்டு மாட்டிப்பீங்க. புட் அப் வித்னா சகிச்சுக்கிறது, புட்டப்வித்னு ஒரே மூச்சுல வரும். கடைக்காரர் ஐம் அஃப்ரெய்ட் வியார் க்ளோஸ்டுன்னு சொன்னா அவர் எதுக்கும் பயப்படல, மன்னிச்சுக்கோங்க கடையை மூடிட்டோம்னு பணிவா சொல்றார். ஹவ் கம்-னா எப்படி வந்தேன்னு இல்ல, ஏன்னு அர்த்தம், ஹவ் கம் யூ ஆர் லேட், ஏன் லேட்டு. லுக்கிங் ஃபார்வர்ட் டு-வுக்கு அப்புறம் மீட் வராது, மீட்டிங் யூ தான் வரும், மெயில்ல தினமும் பார்க்கிற தப்பு இது.

ஒண்ணை மட்டும் நிதானமா பார்ப்போம், ஏன்னா இது தமிழ்ல யோசிக்கிற எல்லாரையும் கவுத்தும். ட்ரெயின்ல ஒருத்தர் உட்ஜு மைண்ட் ஓபனிங் த விண்டோன்னு கேட்கறார். ஜன்னலைத் திறக்கிறீங்களான்னு கேட்கறார்னு புரிஞ்சுக்கிட்டு நாம யெஸ் யெஸ்னு சிரிச்சுட்டே எழுந்திருப்போம். அவர் கேட்டது ஜன்னலைத் திறக்கறதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டான்னு. யெஸ்னா ஆட்சேபணை உண்டு, திறக்க மாட்டேன். சரின்னு சொல்லணும்னா நோ, நாட்டட்டால். தமிழ்ல ஏதும் சிரமம் இல்லையேன்னு கேட்டா அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்கன்னு சொல்லுவோமே, அந்த இல்லைங்க தான் இந்த நோ. இதை நோட்டுல கேள்வி பதில் ரெண்டும் சேர்த்து தான் எழுதணும், கேள்வியை மட்டும் எழுதினா பயன் இல்ல.

நம்ம ஊர் ஆபீஸ் இங்கிலீஷ் தனி ரகம். டூ த நீட்ஃபுல் பிரிட்டன்ல ஒரு காலத்துல புழங்கினது தான், அவங்க விட்டுட்டாங்க நாம பத்திரமா வெச்சிருக்கோம். ரிவர்ட்னா நமக்கு பதில் போடறது, வெளிநாட்டு ஆளுக்கு பழைய நிலைக்கே திரும்பறது, அதனால அவங்களுக்கு எழுதறப்ப ரிப்ளைன்னே எழுதிடுங்க. 2015-ல பாஸ்டு அவுட்னு ரெஸ்யூமேல போட்டா நம்ம ஊர் எச்ஆருக்கு காலேஜ் முடிச்சதுன்னு தெரியும், அமெரிக்க எச்ஆர் 2015-ல மயங்கி விழுந்தார் போலன்னு நினைப்பார், க்ராஜுவேட்டட்னு போடுங்க. ப்ரீபோன் நம்ம ஊர்ல தான் அதிகமா புழங்குது, ஆக்ஸ்ஃபோர்டு அகராதிலயே ஏறிடுச்சு, எனக்கு அது ரொம்ப பிடிச்ச வார்த்தை, ஆனா கேட்கறவர் முழிச்சா பிரிங் இட் ஃபார்வர்ட்னு சொல்லி சமாளிங்க. இந்தியாக்குள்ள பேசறப்ப இதுல எதையும் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், கேட்கறவர் யாருன்னு பார்த்து மாத்திக்கிட்டா போதும். அவங்க மட்டும் என்ன, நம்ம மிளகுத்தண்ணியை எடுத்துட்டுப் போய் மல்லிகடானின்னு சூப் ஆக்கிட்டாங்க, கட்டுமரத்தை கேட்டமரான்னு கடைசி அசைல அழுத்தி இழுக்கறாங்க, யாரும் போய் திருத்தல.

எந்த வார்த்தையை எழுதறதுன்னு ஒரு கேள்வி வரும். தினம் ஒரு கஷ்டமான வார்த்தைன்னு வாட்ஸ்அப்ல வர்றதை எல்லாம் எழுதாதீங்க, அதுல பாதி இங்கிலீஷ்காரனுக்கே தெரியாது. டாக்கால வாத்தியாரா இருந்த மைக்கேல் வெஸ்ட்னு ஒருத்தர், 1953-ல சுமார் 2000 அடிப்படை வார்த்தை கொண்ட ஒரு பட்டியல் வெளியிட்டார், சாதாரண எழுத்துல பெரும்பகுதி அந்த 2000-க்குள்ளயே முடிஞ்சிடும். இப்ப ஆக்ஸ்ஃபோர்டு 3000-னு புதுசா ஒரு பட்டியல் நெட்ல ஃப்ரீயா இருக்கு. அதை எடுத்து தெரிஞ்சதுன்னு நினைக்கிற வார்த்தைக்கே ஸ்பீக்கர் பட்டனை அமுக்கிப் பாருங்க, அப்ப தெரியும் நோட்டுல முதல்ல ஏற வேண்டியது எதுன்னு. கூடவே உங்க வேலைல நிஜமா வர்ற வார்த்தை, நீங்க நர்ஸா இருந்தா ஆஸ்பத்திரி வார்த்தை, டெலிவரி பண்றவரா இருந்தா அட்ரஸ் வார்த்தை. தினம் அஞ்சு போதும், பத்துக்கு மேல எழுதினா எழுதற சந்தோஷம் மட்டும் தான் மிஞ்சும்.

எழுதினதை மறக்காம இருக்க லைட்னர்னு ஒரு ஜெர்மன்காரர் 1970-கள்ல பிரபலமாக்கின பெட்டி முறை இன்னைக்கும் நல்லா வேலை செய்யுது. பழைய கல்யாணப் பத்திரிகையை சின்னச் சின்னதா வெட்டிக்கோங்க, மூணு டப்பா எடுத்துக்கோங்க. புது அட்டை எல்லாம் முதல் டப்பா, தினம் பார்க்கணும். சரியா சொல்லிட்டா ரெண்டாவது டப்பாக்கு போகும், அதை மூணு நாளைக்கு ஒருக்கா பாருங்க. அதுலயும் சரியா வந்தா மூணாவது, வாரம் ஒருக்கா. எந்த டப்பால தப்பு வந்தாலும் தயவு தாட்சண்யம் பார்க்காம முதல் டப்பாக்கே திருப்பி போட்டுடுங்க. அட்டையோட முன் பக்கம் இங்கிலீஷ் எழுதாதீங்க, அங்க தமிழ்ல நிலைமையை எழுதுங்க, பால் தீர்ந்துபோச்சு, மீட்டிங் தள்ளிப் போச்சு, ஜன்னல் திறக்க சொல்றார் சரின்னு சொல்லணும், இப்படி. பின் பக்கம் இங்கிலீஷ் தொடர், கோடு புள்ளி பெரிய அசை எல்லாத்தோடயும். திருப்பறதுக்கு முன்னாடி வாய்விட்டு சொல்லணும், பஸ்ல இருந்தா முணுமுணுத்தாலும் சரி, மனசுக்குள்ள சொன்னதை கணக்குல சேர்க்காதீங்க. வாரக் கடைசில மூணாவது டப்பால இருக்கறதை மொபைல்ல ரெகார்ட் பண்ணி, டிக்‌ஷனரி ஸ்பீக்கரையும் உங்க குரலையும் மாத்தி மாத்தி போட்டுக் கேளுங்க, எந்த அசைல விலகுதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.